மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை: டிக்கெட் எடுப்பதிலிருந்து திரும்பும் ரயில் வரை

ஜெர்மனியில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்தால், ஒரு நாள் நோய்ஷ்வான்ஸ்டைனுக்குப் போயே ஆக வேண்டும். மலைமேல் நிற்கும் அந்த வெள்ளைக் கோட்டையைக் காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்தவர்கள் நேரில் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் டிக்கெட், ரயில், பஸ், மலையேற்றம், சாப்பாடு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒரு இடத்தில் அரை மணி நேரம் தவறினால் அந்த நாளே தடுமாறிவிடும். நாங்கள் முதல் தடவை திட்டம் போட உட்கார்ந்தபோது தகவல் பத்து இடத்தில் சிதறிக் கிடந்தது. பாதி பழைய விலை, பாதி பழைய பஸ் எண். அந்த அலைச்சல் மற்றவர்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டை டிக்கெட்டில் ஒரு நுழைவு நேரம் போட்டிருக்கும். அந்த நாளின் மற்ற எல்லா நேரமும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வருவதுதான்.

1. கோட்டை டிக்கெட்டை முதலில் எடுங்கள்

பலர் ரயிலை முடிவு செய்துவிட்டு, கோட்டை டிக்கெட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கோடையிலும் பள்ளி விடுமுறையிலும் அது நடக்காது. பல நாட்களுக்கு முன்பே நல்ல நேரங்கள் எல்லாம் தீர்ந்துவிடும். 2025 ஜூலையில் இந்தக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கூட்டம் இனிமேல் குறைய வழியில்லை.

கோட்டைக்குக் கீழே, ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமத்தில் இருக்கும் டிக்கெட் சென்டரின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். 2025 நிலவரப்படி பெரியவருக்கு 21 யூரோ. இணையத்தில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 2.50 யூரோ முன்பதிவுக் கட்டணம் சேரும். மாணவர்களுக்கும் 65 வயது கடந்தவர்களுக்கும் கொஞ்சம் சலுகை உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் வேண்டும். இங்கேதான் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. இலவசம்தானே என்று பிள்ளைகளைச் சேர்க்காமல் விட்டால், அதே நேரத்துக்குப் பிறகு இடம் கிடைக்காமல் போகலாம்.

தேடுபொறியில் மேலே வரும் முதல் இணைப்பை உடனே அழுத்திவிடாதீர்கள். இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்கின்றன. சில தளங்கள் பஸ் பயணத்தை மட்டும் விற்றுவிட்டு, கோட்டை நுழைவு தனி என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும். மியூனிக்கிலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்களிலும் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

இன்னொரு பொறி: மேலே கோட்டை வாசலில் டிக்கெட் விற்க மாட்டார்கள். அன்றைக்கான டிக்கெட் மிச்சம் இருந்தால் கீழே கிராமத்தில் உள்ள கவுன்ட்டரில்தான் கிடைக்கும். இது தெரியாமல் மூச்சு வாங்க ஏறி வந்து திரும்ப இறங்குபவர்களை எப்போது போனாலும் பார்க்கலாம்.

டிக்கெட் கிடைக்கவே இல்லை என்றாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம். வெளி முற்றம், கோட்டைக்கு எதிரே உள்ள மரியன் பாலம், கீழே ஆல்ப் ஏரி எல்லாம் இலவசம். உள்ளே அரை மணி நேரச் சுற்றுதான். என்னைக் கேட்டால் இந்த இடத்தின் அழகில் முக்கால்வாசி வெளியேதான் இருக்கிறது.

2. ரயில் சீட்டு: யாருக்கு எது லாபம்

கோட்டைக்குப் போக ரயிலில் இறங்க வேண்டிய ஊர் ஃபியூஸென். மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து அங்கே வட்டார ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சில வண்டிகள் நேராகப் போகும். சிலவற்றுக்கு புக்லோயில் அல்லது காஃப்போய்ரனில் மாற வேண்டும்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பொருத்தமானது பயர்ன் டிக்கெட். ஒரு நாள் முழுக்க பவேரியா மாநிலத்தின் வட்டார ரயில்களிலும் பெரும்பாலான பஸ்களிலும் செல்லும். முதல் ஆளுக்கு முப்பது யூரோவை ஒட்டி வரும். கூட வரும் ஒவ்வொருவருக்கும் பத்து யூரோ அளவில் சேரும். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சீட்டு தேவையில்லை. அதற்கு மேற்பட்ட சொந்தப் பிள்ளைகளுக்கும் சலுகை இருக்கிறது. வாங்கும்போது வயதைச் சரியாகப் போட்டால் அதுவே விலையைக் காட்டிவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. வார நாட்களில் இந்தச் சீட்டு காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். 8.50 வண்டியில் ஏறினால் சீட்டு இல்லாமல் பயணம் செய்ததாகவே கணக்கு. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இந்தத் தடை கிடையாது. இரண்டாவது, பயணம் செய்யும் எல்லாருடைய பெயரும் சீட்டில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் எடுத்த காகிதச் சீட்டு என்றால், ஏறும் முன் பேனாவால் எழுதிவிடுங்கள். பரிசோதகர் எதிரில் வந்து நிற்கும்போது பேனா தேடுவது நன்றாக இருக்காது.

இங்கேயே வசிப்பவர்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டு) இருந்தால் வேறு ஒன்றும் வேண்டாம். 2025-ல் மாதம் 58 யூரோவாக இருந்தது 2026-ல் 63 ஆனது. அதற்கு 9 மணிக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் அது மாதச் சந்தா. இரண்டு வாரத்துக்கு வந்த பெற்றோருக்கு அதை எடுத்தால், ரத்து செய்யும் கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

வீட்டில் ஒருவரிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால், மற்றவர்களுக்கு மட்டும் பயர்ன் டிக்கெட் எடுத்தால் போதும். அவரையும் சேர்த்து எண்ணாதீர்கள்.

3. நேரக் கணக்கு

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இதுதான். அவசரப்படாமல் படியுங்கள்.

வார நாள், பயர்ன் டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதரை, பத்து மணி வாக்கில் ரயில் ஏறினால் ஃபியூஸென் சேர நண்பகல் நெருங்கிவிடும். அங்கிருந்து கிராமத்துக்கு பஸ் பத்து நிமிடம்தான். ஆனால் பஸ்ஸுக்கு நிற்பது, ஏறுவது எல்லாம் சேர்த்து அரை மணி என்று வையுங்கள். கிராமத்திலிருந்து மேலே போக, வரிசையையும் சேர்த்து ஒரு மணி நேரம். பாலத்தைப் பார்த்துவிட்டுப் போவதென்றால் இன்னும் அரை மணி. ஆக, 2 மணிக்கு முன்னால் நுழைவு நேரம் எடுக்காதீர்கள். 2.30 என்றால் பதற்றமே இருக்காது.

வார இறுதியில் காலை ஏழு மணி வண்டி பிடித்தால் 11.30 நுழைவு சரியாக இருக்கும். கூட்டம் ஏறும் முன் பாலத்தையும் பார்த்துவிடலாம்.

மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை கோட்டை காலை 9 முதல் மாலை 6 வரை. மற்ற மாதங்களில் 10 முதல் 4 வரைதான். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வரும் சொந்தக்காரர்களுக்காகத் திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டையும் இருக்கிறது. நோய்ஷ்வான்ஸ்டைனைக் கட்டிய இரண்டாம் லூட்விக் மன்னர் சிறுவயதில் வளர்ந்த இடம். அதற்குத் தனி டிக்கெட், தனி நேரம், விலையும் கிட்டத்தட்ட அதே அளவு. பிள்ளைகளுக்கான இலவசச் சலுகை அங்கே அப்படியே பொருந்தாது, தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பார்ப்பதென்றால் அதை முதலில் வைத்து, இரண்டு நுழைவுக்கும் நடுவே குறைந்தது இரண்டரை மணி இடைவெளி விடுங்கள். முதியவர்கள் இருந்தால் ஒரே கோட்டை போதும்.

4. பையில் இருக்க வேண்டியவை

மூல பாஸ்போர்ட். விசாவில் வந்தவர்கள் நகலை மட்டும் எடுத்துப் போக வேண்டாம். சீட்டில் பெயர் இருப்பதால் ரயிலில் அடையாள அட்டை கேட்பார்கள்; ஃபியூஸென் ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் போலீஸ் சோதனையும் நடக்கலாம். இங்கே வசிப்பவர்கள் தங்கள் தங்கும் உரிமை அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் சலுகை எடுத்திருந்தால் மாணவர் அட்டை, பிள்ளைகளின் வயதுக்கு ஏதாவது ஒரு சான்று.

கோட்டை டிக்கெட்டை கைப்பேசியில் தரவிறக்கி வையுங்கள். மலைமேல் சிக்னலை நம்ப வேண்டாம். பேட்டரி இறங்கினாலும் கவலை இல்லாமல் இருக்கக் காகிதத்திலும் ஒரு பிரதி.

சில்லறையாக முப்பது யூரோ. குதிரை வண்டி, கழிவறை, மலை பஸ் என்று ரொக்கம் தேவைப்படும் இடங்கள் உண்டு.

பெரிய முதுகுப்பையும் குழந்தைத் தள்ளுவண்டியும் கோட்டைக்குள் அனுமதி இல்லை. கைக்குழந்தை இருந்தால் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை எடுத்து வாருங்கள். கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ. அம்மாக்கள் புடவையில் வந்தால் கணுக்காலுக்கு மேல் இருக்கும்படி கட்டச் சொல்லுங்கள், பாதை சரிவானது.

5. ஃபியூஸென் வரை, அப்புறம் பஸ்

முந்தின நாள் இரவு ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. நேவிகேட்டர் செயலியில் உங்கள் வண்டியை ஒரு முறை பாருங்கள். தண்டவாள வேலை நடக்கும் காலத்தில் பாதி தூரத்துக்கு ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அதற்கு எஸ்.இ.வி. என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மியூனிக் நிலையத்தில் 27 முதல் 36 வரையிலான நடைமேடைகள் முதன்மை மண்டபத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. உங்கள் வண்டி அங்கிருந்து கிளம்பினால், பெரியவர்கள் நடையில் பத்து நிமிடம் ஆகும்.

ஃபியூஸெனில் ரயில் நிலைய வாசலிலேயே பஸ் நிறுத்தம். 73 அல்லது 78 எண் பஸ்ஸில் ஏறி ஹோஹென்ஷ்வாங்காவில் இறங்குங்கள். பயர்ன் டிக்கெட்டும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் இதில் செல்லும், தனிக் காசு வேண்டாம். ரயிலில் வந்த மொத்தக் கூட்டமும் இந்த ஒரே பஸ்ஸுக்குத்தான் போகும். அதனால் நிலையக் கழிவறைக்குப் போகிறவர் ஒருவர், பஸ் வரிசையில் நிற்கிறவர் ஒருவர் என்று பிரிந்துகொள்ளுங்கள்.

6. மலை ஏற மூன்று வழி

நடந்தால் முப்பது முதல் நாற்பது நிமிடம். தார் போட்ட பாதைதான். ஆனால் விடாமல் ஏற்றம். முட்டி வலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

குதிரை வண்டி இரண்டாவது வழி. ஏறுவதற்கு ஆளுக்கு எட்டு யூரோ போல, இறங்குவதற்கு அதில் பாதி. வண்டி நிரம்பினால்தான் கிளம்பும். வாசல் வரை கொண்டு விடாது. இறங்கிய பிறகும் ஐந்து பத்து நிமிடம் ஏற வேண்டும்.

மூன்றாவது மலை பஸ். கிராமத்தில் ஏரிப் பக்கம் இருக்கும் பி4 வாகன நிறுத்தத்துக்கு அருகே கிளம்பும். சில யூரோதான் கட்டணம். இது ரயில் சீட்டில் அடங்காது. பஸ் கோட்டையைத் தாண்டி மேலே, பாலத்துக்கு அருகில் கொண்டு விடும். அங்கிருந்து கோட்டைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இறக்கம். பெரியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: பஸ்ஸில் ஏறு, பாலம் பார், இறங்கி வந்து கோட்டை பார், குதிரை வண்டியில் கீழே போ. எங்கேயும் ஏற்றமே வராது. பனியோ உறைபனியோ இருந்தால் பஸ் ஓடாது. அப்போது மற்ற இரண்டு வழிகள்தான்.

7. மரியன் பாலம்

எல்லாரும் பார்த்திருக்கும் அந்தப் புகைப்படம் இங்கிருந்து எடுத்ததுதான். கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆழத்தில் பொல்லாட் ஓடை, ஒரு பக்கம் அருவி, எதிரே கோட்டை. பாலத்தில் பலகை இடுக்கு வழியாகக் கீழே தெரியும். உயரம் என்றால் தலை சுற்றுபவர்கள் நுழைவுக்கு அருகிலேயே நின்று பார்த்தாலும் காட்சி குறையாது. உள்ளே போகிறவர்கள் நடுவில் நிற்காமல் மறுகோடி வரை போய்விடுங்கள், கூட்டம் அங்கே குறைவு. தடுப்பைத் தாண்டி மலைப்பாறையில் ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்த்துப் பின்னாலேயே போகாதீர்கள், ஈரத்தில் அந்த இடம் ஆபத்தானது. மோசமான வானிலையில் பாலத்தை மூடிவிடுவார்கள்.

8. கோட்டைக்குள்

வாசல் முற்றத்தில் ஒரு பலகையில் சுற்று எண் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் டிக்கெட்டில் உள்ள எண் வந்ததும் தடுப்புக் கதவு திறக்கும். சில நிமிடம்தான். தவறவிட்டால் டிக்கெட் செல்லாது, பணமும் திரும்பாது, கெஞ்சினாலும் பயனில்லை. பதினைந்து நிமிடம் முன்பே முற்றத்தில் நில்லுங்கள். கழிவறைக்கும் அப்போதே போய் வந்துவிடுங்கள்.

வழிகாட்டியோடு மட்டுமே சுற்ற முடியும். 35 நிமிடம் போல ஆகும். ஏறுவதற்கு 165 படி, இறங்குவதற்கு 181 படி. நடுவில் உட்கார இடம் கிடைப்பது அரிது. நடக்கவே சிரமப்படுபவர்கள் மாற்று வழிக்கு டிக்கெட் வாங்கும்போதே டிக்கெட் சென்டரில் கேட்டுவிட வேண்டும், வாசலில் கேட்டால் தாமதம்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. அரியணை மண்டபத்தில் அரியணையே இல்லை, அது செய்து முடிக்கும் முன்பே மன்னர் இறந்துவிட்டார். அங்கே தலையைத் தூக்கி விதானத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், தரையில் பதித்திருக்கும் விலங்கு, செடிகொடிச் சித்திரத்தையும் பாருங்கள். சுற்று முடிந்து வெளியேறும் வழியில் சமையலறை வரும். அதை விட்டுவிடாதீர்கள். அடுப்பின் வெப்பக் காற்றிலேயே தானாகச் சுழலும் இறைச்சிக் கம்பிகள், பளபளக்கும் செம்புப் பாத்திரங்கள், குழாயில் வெந்நீர், இதெல்லாம் 1880-களில். தங்க மண்டபத்தில் சும்மா தலையாட்டிக்கொண்டு வந்த என் மாமியார், இந்த அடுப்பின் முன் நின்று புகை எங்கே போகும், சாம்பலை எப்படி அள்ளுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

9. மிச்ச நேரத்தில்

கீழே இறங்கியதும் ஆல்ப் ஏரி. முழுதாகச் சுற்ற ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். முதல் கால் மணி நேரத் தூரம் நடந்தாலே போதும், பெஞ்சுகள் இருக்கின்றன. கரையிலேயே பவேரிய மன்னர்களின் அருங்காட்சியகம். மழை பிடித்தால் ஒதுங்க நல்ல இடம்.

மதியம் மூன்றுக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் டெகல்பெர்க் கேபிள் கார். 1,700 மீட்டருக்கு மேலே கொண்டு போய் விடும். மேகமாக இருந்தால் பணம் வீண்.

ஆனால் என் தேர்வு ஃபியூஸென் ஊர்தான். பெரும்பாலோர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ரயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் பழைய ஊர்த் தெரு. மேட்டில் ஹோஹெஸ் ஷ்லாஸ் என்ற இன்னொரு கோட்டை. அதன் முற்றத்துச் சுவரில் இருக்கும் ஜன்னல் சட்டங்களும் அலங்காரங்களும் நிஜமல்ல, வண்ணத்தில் வரைந்தவை. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். முற்றத்துக்குக் கட்டணம் கிடையாது. இன்னும் தெம்பு இருந்தால் லெக் ஆற்று அருவி வரை நடந்து வரலாம்.

லிண்டர்ஹோஃப் மாளிகையையும் வீஸ் தேவாலயத்தையும் அதே நாளில் ரயிலும் பஸ்ஸுமாகச் சேர்க்க நினைக்காதீர்கள். வரைபடத்தில் பக்கம் போலத் தெரியும்; பஸ் குறைவு, நடுவில் மலை. கார் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். காரில் போகிறவர்கள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ராய்ட்டேயில் எஹ்ரென்பெர்க் கோட்டை இடிபாட்டையும், அதன் அருகே 406 மீட்டர் நீளத் தொங்குபாலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பாஸ்போர்ட் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

10. சாப்பாடு

புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பவேரியாவில் சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். நிலையத்துக் கடைகளைத் தவிர வேறு வழி இல்லை. உணவகத்தில் சைவம் வேண்டுமென்றால் கேஸெஸ்பெட்ஸ்லே கேளுங்கள். பாலாடைக்கட்டி போட்ட ஒரு வகை நூடுல்ஸ், மேலே வறுத்த வெங்காயம். சில இடங்களில் பன்றி இறைச்சித் துணுக்கு சேர்ப்பார்கள் என்பதால் "ஓனே ஃபிளைஷ்", இறைச்சி இல்லாமல் என்று சொல்லிவிடுங்கள். உணவகத்தில் தண்ணீருக்கும் காசு. வீட்டிலிருந்து பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

11. மொத்தச் செலவு

நான்கு பெரியவர்களுக்கு ரயில் சுமார் அறுபது யூரோ, கோட்டை 2025 விலையில் இணைய முன்பதிவோடு 94 யூரோ, மலை பஸ்ஸும் இறங்கக் குதிரை வண்டியும் சேர்த்து முப்பது யூரோ போல. கட்டுச்சோறு கொண்டு போனால் காபி, கேக்குக்கு இருபது முப்பது. ஆக இருநூறு யூரோ சொச்சத்தில் முடித்துவிடலாம்.

12. திரும்பும் வழி

சுற்று முடிந்த கையோடு கிராமத்திலிருந்து ஃபியூஸென் பஸ் எப்போது என்று பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் இடைவெளி கூடும். கடைசி பஸ் போய்விட்டால் நாலைந்து கிலோமீட்டர் நடை அல்லது டாக்சி. ஃபியூஸெனிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரயில். மாலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் வண்டியில் நெரிசல் அதிகம். ஃபியூஸென்தான் பாதை முடியும் நிலையம் என்பதால் வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும். கால் மணி முன்னால் போனால் எல்லாருக்கும் உட்கார இடம் கிடைக்கும். பயர்ன் டிக்கெட் மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும், அதனால் ஒரு வண்டியை விட்டுவிட்டாலும் சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மியூனிக்கில் இறங்கி எஸ்-பானிலோ (புறநகர் ரயில்) யு-பானிலோ (மெட்ரோ) வீடு போவதற்கும் அதே சீட்டே போதும்.